தூங்கிச் சம்பாதித்தவரின் காலை நடை

ஒரு மனிதனுக்கு வேலையே தூங்குவதுதான் என்றால், அவன் எதற்காக விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஞானிகள் யாரும் எடுத்து ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. விழிப்பைப் பற்றி அவர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஆனால் விழித்துக்கொண்டால் பிழைப்புப் போய்விடும் என்ற நெருக்கடியில் அவர்களில் ஒருவரும் இருந்ததில்லை. ஒரு மெத்தைக் கடை ஊழியர் இருந்தார். கடையிலும் தெருவிலும் அவருக்குச் ‘சாம்பிள்’ என்று பெயர்.

சாம்பிள் அந்தக் கடையில் சுமை தூக்குகிறவராகத்தான் சேர்ந்தார். ஒரு மதியம் வண்டியிலிருந்து மெத்தைகளை இறக்கி முடித்துவிட்டு, முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் விரித்திருந்த ஒன்றில் “சும்மா ஒரு நிமிஷம்” என்று சாய்ந்தார். அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெருவோடு போன ஓர் இளம் ஜோடி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. “அந்த ஆள் படுத்திருக்காரே, அது என்ன விலைன்னு கேளுங்க” என்றாள் அந்தப் பெண். வேலை நேரத்தில் தூங்கியவனை அறைய வேண்டும் என்று கையை ஓங்கிக்கொண்டு வந்த பழைய முதலாளி, ஓங்கிய கையாலேயே அவர்களை “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று அழைத்தார். எழுப்பிப் பார்த்தும் ஆள் எழுந்திருக்கவில்லை. ஆகவே அவரைப் பக்கத்து மெத்தைக்கு உருட்டிவிட்டு விற்ற மெத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பக்கத்து மெத்தையும் விற்றுப்போனது.

மறுநாளிலிருந்து சுமை தூக்கும் வேலை வேறு ஒருவருக்குப் போனது. சாம்பிளுக்கு ஒரு வெள்ளை விரிப்பும் ஒரு தலையணையும் ஒரு தனி இடமும் கிடைத்தன.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. தூங்குவதில் என்ன பெருமை? பூனைகூடத் தூங்குகிறது. ஆனாலும் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தூங்குவதுபோல நடிக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது வேறு, தூங்குவது வேறு, அந்த வித்தியாசத்துக்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அவர் உறுதியாக நம்பினார். எழுந்த பிறகு வாடிக்கையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வார். “இது முதுகைத் தாங்கும், இடுப்பைக் கைவிட்டுடும். அந்த மூலையில கிடக்குதே, அது மெத்தையே இல்ல, பலகைக்குச் சட்டை போட்டது. இதோ இது நல்லாத்தான் இருக்கு, ஆனா கனவு வராது.” கனவு வேண்டாம் என்கிறவர்கள் அதையே வாங்கிப் போவார்கள்.

இப்படி அவருடைய நடுவயது முழுவதும் இனிதே தூங்கிக் கழிந்தது. பழைய முதலாளி போய், அவருடைய மகன் முதலாளியானார். காலமும் மாறியது. மக்கள் மெத்தையைக் கைப்பேசியில் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். அது சுருட்டிய காகிதம்போல ஒரு பெட்டிக்குள் வந்து, பிரித்ததும் மூச்சு வாங்கி உப்பிக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். “அண்ணே, இந்தக் கடையில இப்ப பெட்டியில வராத ஒரே சரக்கு நீங்கதான்” என்றார் புதிய முதலாளி. பாராட்டா எச்சரிக்கையா என்று சாம்பிளுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. அந்த மதியத் தூக்கம் போனால் வேலை போகும். திரும்பவும் சுமை தூக்க முதுகு இடம் கொடுக்காது. தூங்குவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் ரத்தப் பரிசோதனை செய்யப் போனார்.

“சர்க்கரை வாசப்படியில நிக்குது. உள்ள வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கு” என்றார் டாக்டர். “காலையில சீக்கிரம் எழுந்து நடங்க.”

சாம்பிளின் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தவர். பகல் முழுவதும் உள்ளறையிலிருந்து வரும் முனகல்களைக் கேட்டுக்கொண்டே “அவ்வளவுதாங்க, முடிஞ்சிடுச்சு” என்று புன்னகையோடு சொல்லிப் பழகியவர். கணவனின் முனகல் அவரை அசைக்குமா?

“நாளையிலேருந்து நடக்குறீங்க.”

“நான் தூங்கலைன்னா அடுப்பு எரியாது, தெரியுமில்ல?”

“நீங்க இருந்தாத்தானே தூங்குறதுக்கு?”

அன்றைக்குப் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோது சாம்பிளுக்குச் சட்டென்று ஒரு கணக்குப் புலப்பட்டது. விடியற்காலையில் எழுந்தால் தூக்கம் பாக்கியாகும். அந்தப் பாக்கி முழுவதும் மதியம் கடையில் வந்து விழும். ஆக, சீக்கிரம் எழுவதென்பது உடம்புக்கு மருந்து, தொழிலுக்கு முதலீடு. இவ்வளவு நல்ல யோசனை தனக்கு இத்தனை வயதுவரை ஏன் தோன்றவில்லை என்று வியந்தபடியே தூங்கிப்போனார். பிழையான தர்க்கங்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆரம்பத்தில் அவை மிகச் சரியாக வேலை செய்யும்.

பயிற்சி கொடுக்க மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இடதுபக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த காரில் உட்கார்ந்து, வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்து வியர்த்தவன். உலகத்தில் எதையும் அவன் வண்டியாகத்தான் பார்ப்பான்.

“மாமா, எழுந்ததும் ஓடக்கூடாது. எஞ்சின் சூடாகணும். முதல்ல வெந்நீர்.”

சாம்பிள் வெந்நீரைக் குடித்தார். குடித்துக்கொண்டே தூங்கினார். தம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனான் மச்சான்.

“குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க. ஆங், அப்படித்தான். இப்ப நிமிருங்க. மாமா, நிமிருங்க. அக்கா! இங்க வந்து பாரேன், உன் வீட்டுக்காரர் மடிஞ்சபடியே தூங்குறார்!”

மூச்சுப் பயிற்சி இதைவிட மோசம். “உள்ள இழுங்க” என்றால் இழுப்பார். “நிறுத்துங்க” என்றால் நிறுத்துவார். “விடுங்க” என்றால் வெளியே வருவது குறட்டையாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய எதையும் இந்த மனிதனிடம் கொடுக்கக்கூடாது என்று மனைவி தீர்ப்புச் சொன்ன பிறகு, கண்ணை அகலத் திறந்துவைத்து மூச்சு விடும் முறை ஒன்றை மச்சான் கண்டுபிடித்தான். பார்ப்பதற்கு யாரோ அவரிடமிருந்து பர்ஸைப் பறித்துக்கொண்டு ஓடியதுபோல இருக்கும்.

அதன்பின் நடை. பேக்கரியைத் தாண்டி, சலவைக் கடையைத் தாண்டி, பூங்காவைச் சுற்றி வர வேண்டும். நடுவில் சாம்பிள், வலதுபுறம் மனைவி, இடதுபுறம் மச்சான்.

“வளைவு வருது மாமா, வேகத்தைக் குறைங்க.”

“நான் எங்கடா வேகமா போறேன்?”

“பின்னால ஒரு அம்மா ஓவர்டேக் பண்றாங்க, இடம் விடுங்க.”

குறுக்கே நாய் வந்தால் மச்சானின் வலது கால் தானாகவே தரையை ஓங்கி அழுத்தும். முதலில் பயந்தது நாய். பிறகு பழகிக்கொண்டு, அவன் பிரேக் போடுவதைப் பார்ப்பதற்கென்றே குறுக்கே வர ஆரம்பித்தது.

முதல் சில வாரங்கள் சாம்பிளின் கணக்கு பொன்னாகப் பலித்தது. மதியம் கடையில் விழுந்தால் வெட்டிப்போட்ட மரம்தான். அப்படி ஒரு தூக்கத்தை அந்தக் கடை அதன் சரித்திரத்தில் கண்டதில்லை. ஒரு வாடிக்கையாளர் மூக்கருகே கைவைத்து மூச்சு வருகிறதா என்று சோதித்துவிட்டு, வருகிறது என்று தெரிந்ததும் இரண்டு மெத்தை வாங்கினார். முதலாளி பூரித்துப்போனார். “என்னண்ணே, ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?”

“நடக்குறேன் முதலாளி.”

“நல்லா நடங்க. இன்னும் கொஞ்சம் தூரம்கூட நடங்க.”

அதற்கப்புறம்தான் அந்த விபரீதம் நேர்ந்தது. சாம்பிளுக்கு ஆரோக்கியம் வந்துவிட்டது.

ஒருநாள் அலாரம் அடிப்பதற்கு முன்பே கண் திறந்துகொண்டது. யாரும் அதட்டாமல் வெந்நீரைக் குடித்தார். குனிந்தவர் தானாகவே நிமிர்ந்தார். “அக்கா, வண்டி செல்ஃப் எடுத்துடுச்சு!” என்று மச்சான் கூவினான். நடையில் மனைவியையும் மச்சானையும் பின்னால் விட்டுவிட்டு முன்னே போனார். காற்று இனித்தது. பேக்கரியின் வாசனை இன்ன தட்டிலிருந்து வருகிறது என்றுகூடத் தெரிந்தது. அன்று மதியம் கடையில் விரிப்பில் படுத்தார். கண்ணை மூடினார். கண்ணுக்குள்ளேயும் வெளிச்சமாக இருந்தது.

அவர் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார். மருந்து வேலை செய்துவிட்டது என்பதற்காக இப்படி வியர்த்தவர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எடுத்த பழக்கத்தை விடுவது அதைப் பழகியதைவிடக் கடினமாக இருந்தது. படுக்கையிலேயே கிடந்து பார்த்தார், கால் இரண்டும் போர்வைக்குள் நடந்தன. வெந்நீரைக் குடிக்காமல் விட்டார், தொண்டை கேட்டது. மதியச் சாப்பாட்டை வயிறு முட்ட உண்டார், ஏப்பம் வந்ததே தவிர கொட்டாவி வரவில்லை. தான் கட்டிவந்த காப்பீட்டுப் பாலிசியின் விதிமுறைகளைப் படுத்துக்கொண்டு படித்தார். எந்த மனிதனையும் சாய்த்துவிடும் அந்த எழுத்துகள் அவருக்குத் தெளிவாகப் புரிந்தன. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

“நியூட்ரல்ல போடுங்க மாமா” என்றான் மச்சான். “வண்டி அதுவா உருண்டு நிக்கும்.”

“எல்லாம் உன்னாலதான்டா. நல்லா ஓடாத வண்டியா நிம்மதியா இருந்தேன்.”

சரியாக இந்தச் சமயத்தில், பழைய தங்கும் விடுதி ஒன்றின் அத்தனை அறைகளுக்கும் புது மெத்தை வேண்டும் என்று கேட்டுவந்தார்கள். அறைகளுக்குப் பொறுப்பான அம்மா நேரில் வந்து பார்ப்பார் என்றும், தூங்கிக் காட்டுகிற ஆள் ஒருவர் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார் என்றும் சொன்னார்கள். முதலாளி சாம்பிளைத் தனியே அழைத்தார்.

“அண்ணே, இந்த ஆர்டர் வந்தா கடை நிக்கும். வரலைன்னா அடுத்த மாசம் ஷட்டரை இழுத்துட வேண்டியதுதான். உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல.”

“தூக்கம் வர மாட்டேங்குது முதலாளி.”

“வராட்டி என்ன? கண்ணை மூடிக்கிட்டு, நடுவுல ஒரு குறட்டை விடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“அது ஏமாத்துறது.”

“அண்ணே, ஊர்ல பாதிப்பேர் முழிச்சிருக்கறமாதிரி நடிக்கிறான். நீங்க தூங்கறமாதிரி நடிச்சாத்தான் குத்தமா?”

முதலாளிக்குத் தத்துவம் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி லேசுப்பட்டதில்லை. சாம்பிள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கேட்டார்.

“பொய்யாத் தூங்கறது தப்பா?” மனைவி சிரித்துவிட்டார். “கல்யாணமான நாள்லேருந்து நான் அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். உங்க குறட்டைக்குப் பக்கத்துல வேற என்னத்தைப் பண்றது?”

“சொல்லவே இல்லையே.”

“நீங்க முழிச்சிருந்தாத்தானே சொல்றதுக்கு?”

குறித்த நாள் வந்தது. முதலாளி கடை வானொலியில் மெல்லிசை வைத்தார், மின்விசிறியைத் திருப்பினார், திரைச்சீலையைப் பாதி இழுத்தார், தன் சொந்தத் தலையணையைக்கூட வீட்டிலிருந்து எடுத்துவந்தார். கனத்த கைப்பையும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவுமாக அந்த அம்மா உள்ளே வந்தார். தையற்காரிபோல ஒவ்வொரு மெத்தையையும் நீளம், அகலம், உயரம் அளந்தார். கடைசியில் சாம்பிளின் முன்னால் வந்து நின்றார்.

“இவர்தானா? சரி, தூங்கச் சொல்லுங்க, பார்ப்போம்.”

சாம்பிள் படுத்தார். கண்ணை மூடினார். அந்த அம்மாவின் காலணி தரையில் லேசாகத் தட்டும் சத்தம் கேட்டது. முதலாளி தூரத்தில் நின்று, தானே தூங்கிக் காட்டுபவர்போல மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வெளியே மச்சானின் பயிற்சிக் கார் போவதுகூட அதன் இருமலை வைத்துத் தெரிந்தது. தொண்டைவரை ஒரு குறட்டை வந்தது. விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

“தூக்கம் வரலம்மா” என்றார், கண்ணைத் திறந்து.

முதலாளி பக்கத்திலிருந்த மெத்தை அடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“ஏன்?”

“காலையில சீக்கிரம் எழுந்துக்குறேன். வெந்நீர் குடிக்கிறேன். நடக்குறேன். உடம்பு நல்லாயிடுச்சு.”

“அதிசயமா இருக்கே” என்று அந்த அம்மா பக்கத்து மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தார். “நானும்தான் விடியறதுக்கு முன்னாடி எழுந்துக்குறேன். வருஷக்கணக்கா. எனக்கு ஒண்ணும் நல்லாகலையே.”

“எழுந்து என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவேன்? வீட்டைப் பார்த்துட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, முதல் ஆள் அறையைக் காலி பண்றதுக்குள்ள துண்டு, சோப்பு, விரிப்பு எல்லாம் எடுத்து வைக்கணும்.”

“வெந்நீர்?”

“வெந்நீரா! மத்தவங்களுக்கு வெந்நீர் வருதான்னு பார்க்கிறதுதான் என் வேலையே.”

சாம்பிள் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்ததில் அவர் முதுகு கொஞ்சம் வளைந்துகொடுத்தது. “சும்மா முதுகை நீட்டிப் பார்க்குறேன்” என்று சாய்ந்தார். “எங்க விரிப்பெல்லாம் அகலம் கம்மி. இந்த மெத்தைக்கு ஓரம் எட்டுமான்னு...”

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

சாம்பிள் காத்திருந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அளவு நாடா கழுத்திலிருந்து வழிந்து தரைக்கு வந்துவிட்டது. கைப்பையை மட்டும் விரல்கள் விடாமல் பிடித்திருந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஒவ்வொரு விரலாக விட்டுக்கொடுத்தது.

இத்தனை காலம் தூங்கியே பிழைத்தவர் ஒரு தூக்கத்தை வெளியிலிருந்து முழுதாகப் பார்த்தது அன்றுதான். அவர் எப்போதும் அதற்கு உள்ளேயே இருந்திருந்தார். வீட்டில் மனைவி கண்மூடிக் கிடந்தது தூக்கமே இல்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அவர் எழுந்து, விரிப்பு சலசலக்காமல் கீழே இறங்கினார்.

“என்னண்ணே, ஆர்டர்...” என்று ஓடிவந்த முதலாளியின் வாயைத் தன் கையாலேயே பொத்தினார். வானொலியை அணைத்தார். விசிறியை ஒரு படி குறைத்தார். வாசலில் போய் நின்றுகொண்டார். உள்ளே வந்த ஒரு கிழத் தம்பதியிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவர்கள் ஏதோ தியானம் என்று நினைத்துக் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதலாளி கைஜாடையிலேயே அவர்களுக்கு ஒரு மெத்தையைக் காட்டினார். கிழவர் விரலை மடக்கி விலை குறைக்கச் சொன்னார், முதலாளி தலையை ஆட்டி மறுத்தார், கிழவி கிழவரின் இடுப்பில் குத்தினார். சத்தமே இல்லாமல் ஒரு வியாபாரம் முடிந்தது.

மச்சான் காரை நிறுத்திவிட்டு, நிலவரம் அறிய எட்டிப் பார்த்தான்.

“என்ன மாமா, தூங்கிட்...”

“பிரேக் போடுடா” என்றார் சாம்பிள், கிசுகிசுப்பாக. மச்சானின் கால் தரையை அழுத்திக்கொண்டு நின்றது.

அந்த அம்மா எழுந்தபோது கண்ணாடியில் மாலை வெளிச்சம் பட்டிருந்தது. திடுக்கிட்டு எழுந்து, முடியைச் சரிசெய்து, நாடாவைத் தேடிச் சுருட்டினார். முதலாளி “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டது காதில் விழவில்லை.

“யாரும் என்னை எழுப்பலையே” என்றார். குறை சொல்கிறாரா என்று தெரியாமல் மூன்று ஆண்களும் விழித்தார்கள்.

“எழுப்பணுமாம்மா?” என்றார் சாம்பிள்.

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, “எல்லா அறைக்கும் இதே மெத்தை அனுப்புங்க. நான் தூங்கினதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

கடை பிழைத்தது. முதலாளி ஆனந்தத்தில் மச்சானையே கட்டிக்கொண்டார். மறு பரிசோதனையில் சர்க்கரை வாசற்படியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போயிருந்தது. டாக்டர் திருப்திப்பட்டார். வாரத்தில் பாதி நாள் நடந்தால் போதும், மற்ற நாளில் இஷ்டம்போலத் தூங்கலாம் என்று மனைவியே விட்டுக்கொடுத்தார். இரண்டொரு நாள் காலையில் புரண்டு படுத்ததில் பழைய கொட்டாவிகூட மதியத்தில் எட்டிப் பார்த்தது. முதலாளி புது விரிப்பு வாங்கி, பழைய இடத்திலேயே விரித்து வைத்தார்.

“வாங்கண்ணே. உங்க சிம்மாசனம்.”

சாம்பிள் விரிப்பைப் பார்த்தார். கையால் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டார். அந்த நேரம் பார்த்து, தோளில் பையோடு உள்ளே வந்த ஒரு ஆளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அதில் படுக்க வைத்தார். அந்த ஆள் “நான் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தேன்” என்றார்.

“மீட்டர் எங்கயும் போகாது. சாயுங்க.”

பிறகு வாசலுக்குப் போய், சத்தம் வராதபடி கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் நின்றுகொண்டார்.

அன்று தொடங்கி, வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை, அவர் அந்தக் கடையில் படுக்கவே இல்லை. சர்க்கரைக்குப் பயந்துதான் என்று மனைவி சொன்னார். அந்த அம்மா அவரைத் தோற்கடித்துவிட்டதில் ரோஷம் என்றார் முதலாளி. வண்டி கியர் மாறிவிட்டது, இனி பின்னால் போகாது என்றான் மச்சான். அவரிடமே கேட்டால், மெத்தைப் பக்கம் தலையைத் திருப்பிக் காட்டி, “மெதுவாப் பேசுங்க” என்பார்.